சக்திக்கு என்ன விலை?

நாகினி, சக்திமான், கருப்பு… சின்னத்திரையின் அதிசயப் பிறவிகள் எங்கே ஜெயிக்கிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள்?

சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர் என்று நான்கு நிலையங்கள் அடுத்தடுத்து வரும். இந்தச் சின்னத் தூரத்துக்குள் இரண்டு பெரிய அதிசயக் கதைகளை ரயில் கடந்துவிடுகிறது. திருநின்றவூர், மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர். புட்லூரில் அங்காள பரமேஸ்வரி நிறைமாதக் கர்ப்பிணியாக, புற்று வடிவில் மல்லாந்து படுத்திருக்கிறாள். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் வந்தபடி இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் செவ்வாப்பேட்டையில், காக்களூர் தொழிற்பேட்டைக்கும் அம்பத்தூர் கம்பெனிகளுக்கும் ஷிப்டு பார்த்துவிட்டு வருகிறவர்கள் இறங்குகிறார்கள். இரவு ரயிலில் பாதிப் பேர் கையில் செல்போன், அதில் விட்டுப்போன சீரியல். திரையில் ஒரு மருமகளின் கண் பச்சையாக மின்னுகிறது, கூந்தல் தானாக அலைகிறது, பாம்பு படமெடுக்கிறது. பக்கத்தில் இருப்பவரும் எட்டிப் பார்க்கிறார். புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிற ஊர்க்காரருக்கு இந்தக் கதைக்கு முன்னுரை எதுவும் தேவைப்படுவதில்லை.

முன்னுரை தேவைப்படாததுதான் இந்த வகைத் தொடர்களின் முதல் பலம், முதல் ஆபத்தும் அதுவே. பார்ப்பவர் ஏற்கெனவே பாதி நம்பிக்கையோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார். மீதிப் பாதிக்கு உழைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுதுகிறவருக்கு இல்லாமல் போகிறது. பூசலார் கதையையே எடுத்துக்கொள்வோம். கையில் காசில்லாத பக்தர் கண்ணை மூடித் திறந்தார், கோபுரம் எழும்பிவிட்டது என்று பெரியபுராணம் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர் மனசுக்குள்ளேயே பொருள் தேடினார், தச்சர்களைச் சேர்த்தார், நாள் பார்த்து அடித்தளம் போட்டார், அடிப்பீடம் முதல் சிகரம் வரை படிப்படியாக ஏற்றினார், சுதை வேலை முடித்தார், கிணறு தோண்டி, மதில் எழுப்பி, குளமும் வெட்டினார். ராத்திரித் தூக்கத்தையும் விட்டார். அதன் பிறகுதான் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் தன் கற்கோயிலுக்குக் குறித்திருந்த பல்லவ மன்னன், இறைவன் சொல்லித் தன் விழாவைத் தள்ளிவைத்தான். அந்த மனக்கோயிலுக்கு நாம் தலையாட்டுவதற்குக் காரணம், ஒரு செங்கல்லைக்கூட அவர் இலவசமாக வைக்கவில்லை என்பது. அதிசயத்துக்கும் கூலி கொடுக்கப்பட்டிருக்கிறது.

அதீத சக்தி கொண்ட மனிதர்களைப் பற்றிய எந்தத் தொடரையும் இந்த ஒரு தராசில் வைத்து நிறுத்துவிடலாம். சக்திக்கு எல்லை இருக்கிறதா? அதைப் பயன்படுத்துகிறவர் அதற்கு ஏதாவது விலை கொடுக்கிறாரா? கொடுத்தால் கதை நிற்கும், கொடுக்காவிட்டால் நீளும். நம் சின்னத்திரையில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது.

மணிமேகலை கொடுத்த விலை

‘சூப்பர் பவர்’ என்பது அமெரிக்கச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்று சிலர் சொல்வதுண்டு. அணுவாகச் சிறுப்பது, மலையாகப் பெருப்பது, கனப்பது, காற்றாக லேசாவது, நினைத்ததை அடைவது, பிறரை வசப்படுத்துவது என்று எட்டுச் சித்திகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்த மண் இது. 1938-ல் சூப்பர்மேன் அச்சில் பறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மணிமேகலைக்கு மூன்று மந்திரங்கள் கிடைத்துவிட்டன: வேற்றுருவம் எடுக்கலாம், வான் வழியே போகலாம், பசியை வெல்லலாம். இன்றைய சீரியல் எழுத்தாளர் கையில் இந்த மூன்றும் கிடைத்தால் ஆயிரம் எபிசோடு ஓட்டிவிடுவார். ‘மணிமேகலை’ காப்பியத்தை எழுதிய சாத்தனார் என்ன செய்தார்? துரத்தி வரும் இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்பிக்க, மணிமேகலை காயசண்டிகை என்ற வேறொருத்தியின் உருவத்தை எடுக்கிறாள். உண்மையான காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் ஊருக்கு வருகிறான். தன் மனைவி அந்நிய ஆணோடு பேசுகிறாள் என்று நினைத்து இளவரசனை வெட்டிவிடுகிறான். தப்பிக்க எடுத்த உருவம் ஒரு கொலைக்கு வழிவிட்டு, அவளைச் சிறைக்கும் அனுப்புகிறது. வரமாக வந்த சக்தியே வினையாகத் திரும்பும் இந்த இடத்தில்தான் காப்பியம் சூடுபிடிக்கிறது.

காரைக்கால் அம்மையார் கதையில் இந்தக் கணக்கு இன்னும் கறாராக இருக்கிறது. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றை, வீட்டுக்கு வந்த அடியாருக்குப் படைத்துவிடுகிறாள் புனிதவதி. மதியச் சாப்பாட்டில் முதல் பழத்தின் ருசியில் மயங்கிய கணவன் இரண்டாவதையும் கேட்கிறான். அவள் உள்ளே போய்க் கலங்கி நிற்க, இறையருளால் கையில் ஒரு பழம் வருகிறது. அதைத் தின்றவன், இது வேறு ருசியாக இருக்கிறதே, எங்கே கிடைத்தது என்கிறான். உண்மையைச் சொன்னால் நம்பாமல், இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான். வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைகிறது. அவ்வளவுதான், அந்தத் தாம்பத்தியம் முடிந்துபோனது. தெய்வத்தோடு குடும்பம் நடத்தப் பயந்தவன் கப்பலேறிப் போய், வேறு ஊரில் இன்னொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்கு அவள் பெயரையே வைக்கிறான். தேடி வந்தவளின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். இனி யாருக்காக இந்த அழகு என்று அவள் உடம்பின் தசையை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெறுகிறாள். ஒரு மாம்பழத்துக்கு ஒரு வாழ்க்கை விலை. இதில் கிராபிக்ஸுக்கு வேலையே இல்லை. ஒரு சமையலறை, ஒரு சாப்பாட்டு இலை, இரண்டு முகம், இவ்வளவும் போதும். சின்னத்திரைக்கு இதைவிடத் தோதான கதை எங்கே கிடைக்கும்?

வேதாளம் போட்ட நிபந்தனை

சின்னத்திரை தொடக்கத்தில் இந்த மரபைப் புரிந்துவைத்திருந்தது. 1947-ல் பிறந்த ‘அம்புலிமாமா’ பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்ட விக்கிரமாதித்தன் கதையை, ராமானந்த் சாகர் 1985-ல் தூர்தர்ஷனுக்காக இந்தியில் தொடராக எடுத்தார். அந்தக் கதையின் உயிரே நிபந்தனையில் இருக்கிறது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். ராஜாவுக்கு வீரம், அறிவு எல்லாம் உண்டு, ஆனால் அந்த இரண்டு வரி விதியைத் தாண்ட முடியாது. ஒவ்வொரு வாரமும் ஒரு கதை தொடங்கி அந்த வாரமே முடிந்தது. கேட்டவர் கையில் ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

1997 செப்டம்பரில் ‘சக்திமான்’ வந்தார். யோகத்தாலும் குண்டலினியாலும் பஞ்சபூதங்களின் சக்தி பெற்றவர் என்று கதை அவருக்கு உள்ளூர்ப் பூர்வீகம் கொடுத்தது. சுழன்றபடி பறந்த முகேஷ் கன்னாவைவிட, பல்லும் கண்ணாடியுமாகப் பத்திரிகை ஆபீசில் அசடு வழிந்த கங்காதர்தான் அந்தத் தொடரின் நல்ல கண்டுபிடிப்பு. உலகத்தைக் காப்பாற்றுகிறவர் அலுவலகத்தில் கிண்டல் பட வேண்டும், விரும்பும் பெண் எதிரிலேயே வேஷம் போட வேண்டும் என்பது சிறிய விலை, ஆனால் குழந்தைக்கும் புரிகிற விலை. 2019-ல் வந்த ‘ஹீரோ’ படத்தில் சிவகார்த்திகேயனின் பாத்திரம் சக்திமான் பைத்தியமாகவே வளர்ந்தவன் என்று காட்ட முடிந்ததற்கு, தமிழ்நாட்டிலும் அந்தத் தலைமுறை இருந்ததே காரணம். அதே தொடரின் பலவீனமும் கண்ணெதிரே நடந்தது. மாடியிலிருந்து விழுந்தால் சக்திமான் வந்து பிடிப்பார் என்று நம்பிக் குழந்தைகள் காயப்பட்டதாகச் செய்திகள் வந்தன; முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இதைச் செய்து பார்க்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. குழந்தைகளுக்குப் புத்தி இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கூப்பிட்டபோதெல்லாம் வருகிற, எந்த இடத்திலும் தோற்காத ஒருவரை வாராவாரம் காட்டினால், பார்க்கிற குழந்தை அவரைக் கூப்பிட்டுத்தான் பார்க்கும்.

அதே காலத்தில் தமிழில் நடந்தது இன்னும் உயரமான முயற்சி. கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில், நாகா இயக்கத்தில் சன் டிவியில் வந்த ‘மர்ம தேசம்’ வரிசையைச் சொல்கிறேன். அதில் ‘விட்டுவிடு கருப்பா’ நாவல் ‘விடாது கருப்பு’ ஆனது. ஊர் எல்லையில் கருப்புசாமி. தப்புச் செய்தவர் ராத்திரியில் சாகிறார். இருட்டில் குளம்புச் சத்தம், வெள்ளைக் குதிரை, கையில் அரிவாள். இவ்வளவையும் காட்டிவிட்டு, கொன்றது சாமியா ஆசாமியா என்ற கேள்வியைத் தொடர் கடைசி வரை கீழே வைக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த மருத்துவர் ஒருத்தி அறிவியலால் அளக்க, ஊர் நம்பிக்கையால் அளக்க, இரண்டு அளவுகோலுக்கும் சம மரியாதை இருந்தது. விடை மனித மனத்தின் ஆழத்திலிருந்து வந்தது; அந்த விடை ஒரு மனுஷியின் வாழ்க்கையை விலையாகக் கேட்டது. வாரம் ஒரு முறை வந்த தொடர் அது. முடிவு எங்கே என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. கால் நூற்றாண்டு கழித்தும் அதன் பெயரைச் சொன்னால் ஐம்பதைத் தொடுகிறவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்றால், அந்தக் காலத்துக் கிராபிக்ஸைப் பார்த்து வந்த மரியாதை இல்லை அது.

நூற்றுப் பத்து மணி நேரத்தின் பசி

அப்புறம் தினசரித் தொடர் வந்தது, கணக்கு மாறியது. 2015 நவம்பரில் கலர்ஸ் சேனலில் தொடங்கிய ஏக்தா கபூரின் ‘நாகின்’, தமிழில் ‘நாகினி’யாகச் சன் டிவிக்கு வந்தபோது அடைந்த வரவேற்பு இங்கே எல்லோருக்கும் தெரியும். 2017 ஜனவரியில் சுந்தர்.சி தயாரிப்பில், ராஜ்கபூர் இயக்கத்தில், தமிழிலும் கன்னடத்திலுமாக ‘நந்தினி’ தொடங்கியது. 1979-ன் ‘நீயா?’ காலத்திலிருந்தே தியேட்டரில் சலிக்காத நாகக் கதை, இப்போது வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. இந்தத் தொடர்களுக்கு நியாயமாகக் கொடுக்க வேண்டிய பாராட்டு ஒன்று உண்டு. அமெரிக்கத் திரையில் பறக்கிறவர்களில் பெரும்பான்மை ஆண்கள். நம் சின்னத்திரையில் சக்தி என்றாலே பெண். அம்மனோ, நாகமோ, ஆவியோ, அடிக்கிற கை வளையல் போட்ட கை. நாள் முழுக்க யார் யாருக்கோ அடங்கிப் போகிற ஒருத்தி, இரவில் அரை மணி நேரம் தன்னைப் போன்ற ஒருத்தி நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கிறாள் என்றால், அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்தக் கை எதை அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். எந்த நாகத் தொடரிலும் வரக்கூடிய ஒரு காட்சி: பால் டம்ளரில் விஷம் கலந்தாயிற்று. கலந்தவள் கணவனின் சித்தி. கதாநாயகி மாடிப்படியில் நிற்கிறாள். கண் நிறம் மாறுகிறது, மூன்று தடவை முகத்துக்கு அருகில் கேமரா போகிறது, இடி இடிக்கிறது. அவளுக்கு உருவம் மாறத் தெரியும், மனசைப் படிக்கத் தெரியும், காற்றாகக் கரையத் தெரியும். என்ன செய்கிறாள்? ஓடி வந்து டம்ளரைத் தட்டிவிடுகிறாள். பால் கொட்டுகிறது, வீட்டார் அவளைத் திட்டுகிறார்கள், அவள் அழுகிறாள், தொடரும். நாக லோகமே கையில் இருந்தும் ஒரு டம்ளர் பாலைத் தாண்டிப் போக முடியவில்லை. இப்படி எழுதுகிறவருக்குத் திறமை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவள் உண்மையிலேயே சக்தியைப் பயன்படுத்தினால் கதை அன்றைக்கே முடிந்துவிடும். அதனால் அவளுக்குச் சக்தியும் இருக்க வேண்டும், அது வேலையும் செய்யக் கூடாது. திங்கட்கிழமை மனசைப் படித்தவளுக்கு வியாழக்கிழமை எதிரி யாரென்று தெரியாது. விதியும் விலையும் இல்லாத இடத்தை மறதி நிரப்புகிறது.

இதன் வேர் பொருளாதாரத்தில் இருக்கிறது. ஒரு தினசரித் தொடர் வருஷத்துக்கு 300 எபிசோடு, ஒன்றுக்கு 22 நிமிடம் என்று வைத்தால், 110 மணி நேரக் கதை வேண்டும். ஒரு நாள் ஷூட்டிங்கில் ஒரு எபிசோடாவது தேற வேண்டும். வியாழக்கிழமை ரேட்டிங் வந்ததும் கதை திசை மாறலாம், செத்தவர் திரும்பலாம், நடிகை விலகினால் ‘இவருக்குப் பதில் இவர்’ வரலாம். இந்த ஓட்டத்தில், மூன்று மாதம் முன்பு நாயகியின் சக்திக்கு என்ன எல்லை வைத்தோம் என்று நோட்டுப் போட்டு வைத்துக்கொள்ள யாருக்கும் நேரம் இல்லை. மாமியார்–மருமகள் கதையில் இந்த மறதியைச் சமாளித்துவிடலாம். மனிதர்கள் முன்னுக்குப் பின் முரணாகத்தானே நடக்கிறார்கள். மாயக் கதையில் முடியாது. அங்கே விதிதான் தரை. தரை நகர்ந்தால் நிற்க இடம் இல்லை.

மெட்ராஸிலிருந்து போன பேராசிரியர்

தினசரி ஓட்டம்தான் குற்றவாளி, பணமும் நேரமும் உள்ள வெளிநாட்டில் இப்படி நடக்காது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு ‘ஹீரோஸ்’ கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் 2006 செப்டம்பரில் டிம் கிரிங் உருவாக்கத்தில் தொடங்கிய அந்தத் தொடரில் நமக்கு ஒரு சொந்தமும் உண்டு. சாதாரண மனிதர்களுக்குத் திடீரென்று சக்தி வருவதை மரபணு வழியாக ஆராயும் பேராசிரியர், முதல் எபிசோடில் மெட்ராஸில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். நடித்தவர் செந்தில் ராமமூர்த்தி. பாத்திரத்தின் பெயர் மட்டும் மொஹிந்தர் சுரேஷ். சென்னைக்காரருக்குப் பஞ்சாபிப் பெயர் வைத்த அந்த அலட்சியத்தை மன்னித்துவிட்டுப் பார்த்தால், முதல் பருவம் அருமையான வேலை. தோக்கியோவில் ஆபீஸ் குமாஸ்தா ஒருவருக்குக் காலத்தை நிறுத்தத் தெரிகிறது. டெக்சாஸ் பள்ளி மாணவிக்கு எந்தக் காயமும் ஆறிவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரருக்கு அடுத்தவர் மனசு கேட்கிறது, அதனால் மனைவியின் ரகசியமும் கேட்டுத் தொலைக்கிறது. நியூயார்க் வெடிக்கப் போகிறது, அதற்கு நாளும் குறித்தாயிற்று. ஆளுக்கு ஒரு சக்தி, ஆளுக்கு ஒரு தலைவலி, எல்லோருக்கும் ஒரே கெடு. முதல் எபிசோடையே சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள்.

வீழ்ச்சி அடுத்த ஆண்டே தொடங்கியது. பீட்டர் என்ற பாத்திரம், பக்கத்தில் வருகிறவர்களின் சக்தியையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். தோக்கியோ குமாஸ்தா ஹிரோ நினைத்தால் பழைய காலத்துக்குப் போய் எதையும் திருத்தலாம். மாணவியின் ரத்தத்தை ஏற்றினால் செத்தவர் எழுவார். இப்படி எல்லாவற்றுக்கும் மருந்து கிடைத்துவிட்டபின் எதற்குப் பயப்படுவது? எழுதியவர்களே திண்டாடினார்கள். இரண்டாம் பருவத்தில் பீட்டருக்கு ஞாபகத்தை அழித்தார்கள், ஹிரோவை 1671-ன் ஜப்பானுக்கு நாடு கடத்தினார்கள், பின்னால் பீட்டரின் சக்தியைப் பிடுங்கி, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று என்று ரேஷன் வைத்தார்கள். முதலிலேயே வைத்திருக்க வேண்டிய எல்லை அது. 2007 நவம்பரில் டிம் கிரிங் பத்திரிகைப் பேட்டியில் கதை தடுமாறியதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். எழுத்தாளர் வேலைநிறுத்தமும் சேர்ந்துகொள்ள, அந்தப் பருவம் 11 எபிசோடோடு நின்றது. 2010 பிப்ரவரியில் தொடரே முடிந்தது. முதல் பருவத்தின் 23 எபிசோடும் சேர்த்துப் பதினாறு மணி நேரம்தான். நம் தொடர் எழுத்தாளர் நூற்றுப் பத்து மணி நேரத்தில் சறுக்குவதை அவர்கள் பதினாறு மணி நேரத்தைத் தாண்டியதும் சறுக்கினார்கள். பணம் சறுக்கலை அழகாகக் காட்டும், தடுக்காது.

மூன்று ஆட்சேபங்கள்

இங்கே சில நியாயமான எதிர்க்கேள்விகள் எழும். முதலாவது, பொழுதுபோக்கின் பக்கத்திலிருந்து. பன்னிரண்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவர் மணிமேகலையா கேட்கிறார்? கெட்டவன் அடிபட வேண்டும், அம்மன் வர வேண்டும், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தூங்க வேண்டும். இதில் விதி, விலை என்று பாடம் எடுப்பது படித்தவரின் திமிர் என்பார்கள். களைத்து வந்தவருக்கு ஆறுதல் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் விதியைக் கேட்பது படித்தவர்கள் மட்டும் என்பது பொய். தெருவில் ஐஸ்பாய் ஆடுகிற பிள்ளைகளைக் கவனித்தால் போதும். எண்ணி முடிக்காமல் கண் திறந்தவனை அவர்கள் விடுவதில்லை. ‘அழுகுணி ஆட்டம்’ என்று கத்துவார்கள். விதி மீறினால் ஆட்டத்தில் சுகம் இல்லை என்பது ஆறு வயதுக்குத் தெரியும். அதே பிள்ளைகளின் பாட்டிதான் சீரியலைப் பார்த்து, “இத்தனை சக்தி வெச்சிருக்கிறவ இதை முன்னாடியே செய்ய வேண்டியதுதானே?” என்று கேட்கிறாள். அந்தப் பாட்டியைவிடக் கூர்மையான விமர்சகர் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. அவள் பார்ப்பதை நிறுத்தவில்லை என்பதால், அவள் கேள்வி தள்ளுபடி ஆகிவிடாது.

இரண்டாவது, பகுத்தறிவின் பக்கத்திலிருந்து. இந்தத் தொடர்களே மூடநம்பிக்கைதானே, அதில் நல்லது கெட்டது பிரிப்பானேன், மொத்தமாகத் தடை செய்ய வேண்டியதுதானே? 1994-ன் கேபிள் தொலைக்காட்சி விதிகள் மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சிகளுக்கு இடமில்லை என்று சொல்லத்தான் செய்கின்றன. ‘இவை அனைத்தும் கற்பனையே’ என்று ஒரு அட்டை போட்டுவிட்டுத் தொடர்கள் அதைக் கடந்துபோகின்றன. கவலை நியாயமானது, மருந்து தவறானது. கதையில் பாம்பு பேசுவதால் யாரும் கெடுவதில்லை. பஞ்சதந்திரத்தில் எல்லா மிருகமும் பேசுகிறது. கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த அநியாயத்துக்கும் மனிதர்கள் எதுவும் செய்ய வேண்டாம், நட்சத்திரம் பார்த்துப் பிறந்தவளோ மறுபிறவி எடுத்தவளோ வந்து பார்த்துக்கொள்வாள் என்று தினமும் சொல்லும்போது, பார்ப்பவர் கையைக் கட்டிக்கொள்ளப் பழகுகிறார். சக்தி பிறப்பால் வருகிறது, பரம்பரையில் இறங்குகிறது என்று சொல்லும்போது, பிறப்பில் உயர்வு பார்க்கிற பழைய நோய்க்கு மறுபடி தீனி கிடைக்கிறது. சக்திக்கு விலை வைத்தால் இந்த நோயும் குறையும். அதைத் தாங்க ஒரு மனிதர் தேவைப்படுவார். தாங்குவதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கும். முடிவெடுக்கிற மனிதர் திரையில் இருந்தால் மூடநம்பிக்கைக்கு இடம் சுருங்குகிறது. ‘விடாது கருப்பு’ அதைச் செய்து காட்டியது.

மூன்றாவது, தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து: எங்களிடம் ஹாலிவுட் பட்ஜெட் இல்லை. இதற்குத் தமிழ் சினிமாவே பதில் வைத்திருக்கிறது. 2023-ல் மடோன் அஸ்வின் இயக்கத்தில் வந்த ‘மாவீரன்’ நாயகன் சத்யா, பத்திரிகைக்குப் படக்கதை வரையும் பயந்தாங்கொள்ளி. குடிசையிலிருந்து அவன் குடும்பத்தை ஏற்றிவைத்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தொட்டால் காரை பெயர்கிறது, கைப்பிடி கழன்று வருகிறது. அவனுக்குக் கிடைக்கும் ‘சக்தி’ ஒரு குரல், அவ்வளவே. அவன் வரைந்த வீரனின் கதையைச் சொல்லும் அந்தக் குரல் அடி விழப்போவதை அறிவிக்கும், அடியை வாங்குவது அவன் உடம்புதான். அந்தக் குரலுக்குப் பறக்கும் ஷாட் எதுவும் தேவைப்படவில்லை. அதே ஆண்டு ஏ.ஆர்.கே. சரவன் இயக்கிய ‘வீரன்’ படத்தில் மின்னல் தாக்கிச் சக்தி பெற்றவன், ஊர்க் காவல் தெய்வத்தின் வேஷத்தில் ஒரு பெரிய கம்பெனித் திட்டத்தை எதிர்க்கிறான். இரண்டும் குறையில்லாத படங்கள் இல்லை. ஆனால் கான்ட்ராக்டர் கலந்த சிமென்ட்டையும், ஊருக்குள் வரும் கம்பெனியையும் அதிசயக் கதைக்குள் கொண்டுவர முடியும் என்று காட்டிவிட்டன. சின்னத்திரை இன்னும் ஜமீன் பங்களாவை விட்டு வெளியே வரவில்லை.

பாம்பை உண்மையிலேயே அறிந்தவர்கள்

வெளியே வந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு, நாகத் தொடர்கள் ஓடுகிற இதே நிலத்திலிருந்து ஒரு சாட்சி. திருவள்ளூர், செங்கல்பட்டு வட்டாரங்களில் வாழும் இருளர்களுக்குப் பாம்பு பிடிப்பது தலைமுறைத் தொழில். மண்ணில் கிடக்கும் ஒரு கோட்டைப் பார்த்து, எந்தப் பாம்பு, எப்போது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுவார்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய அவர்களின் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறது. அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து பிறக்கிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிக் கொடுக்க. கருவிகளோடு தேடிக் களைத்தவர்கள் நடுவே, இவர்கள் கண்ணும் கையும் வைத்துக்கொண்டு தேடிப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. சாதாரண மனிதருக்கு இல்லாத ஒரு சக்தி. அதைப் பெற ஒரு வாழ்நாள் பழக்கம். தவறினால் உயிரே விலை. தொடருக்கு வேண்டிய அத்தனையும் இங்கே இருக்கிறது. ஆனால் நாகத் தொடர்களில் இவர்களுக்குக் கிடைக்கும் இடம், மகுடி ஊதிவிட்டு முதல் பாதியிலேயே செத்துப்போகிற பாம்பாட்டியினுடையது.

ஆகவே, சேனல்களிடம் கேட்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. மாயத் தொடரை வாரத் தொடராக்குங்கள், அல்லது முடிவு தெரிந்த பின் தொடங்குங்கள். ஓடிடி தளங்களில் எட்டுப் பத்து எபிசோடில் கதை சொல்லும் பழக்கம் தமிழில் வந்துவிட்டது, நாகாவே 2024-ல் ‘ஐந்தாம் வேதம்’ மூலம் அந்தப் பக்கம் வந்துவிட்டார். முதல் எபிசோடுக்கு முன்பே, நாயகியால் என்ன முடியும், என்ன முடியாது, ஒவ்வொரு முறையும் அவள் எதை இழக்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அவளைச் சமையலறையிலிருந்து விடுவித்து, பேருந்து நிறுத்தத்துக்கும் ஃபாக்டரி வாசலுக்கும் ரேஷன் கடைக்கும் அனுப்புங்கள். பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை திரையில் கண் பச்சையாக மின்னும்போது, ‘இதற்கு இவள் என்ன கொடுத்தாள்?’ என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத தொடருக்கு உங்கள் அரை மணி நேரத்தை இனாமாகக் கொடுக்க வேண்டியதில்லை.

செவ்வாப்பேட்டையிலிருந்து இரண்டு நிலையம் தள்ளி, திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயில் இன்றைக்கும் இருக்கிறது. மனசுக்குள் கட்டுகிற கோயில்தானே என்று அஸ்திவாரம் போடாமல் விட்டுவிடாத ஒருவரின் ஊர் அது.